கயிறு பிடித்த ஏழு பிள்ளைகள்

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது. நீயும் நானும் ரப்பர்ப் பால் மங்கு பொறுக்கிய மேட்டு நிரையெல்லாம் செம்பனையாகிப் பல வருடமாகிவிட்டது, உனக்கே தெரியும். இப்போது அதிலும் பாதியை வெட்டி வீட்டுமனை போடுகிறார்கள். பால் கொட்டகை மட்டும் கூரை இல்லாமல் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மோட்டாரை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

உன் பேத்தியின் நோட்டுப் பக்கத்தைப் புலனத்தில் அனுப்பியிருந்தாயே, அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். "பிள்ளைக்குக் கணக்கே வராது போலிருக்கு" என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லாதேடா. பெருக்கலில் ஒரு பிழை இல்லை, ஒரு குறிகூட மாறவில்லை. எங்கே சுற்றிக்கொண்டு போகிறாள் என்பதை மட்டும் பார்த்தால் போதும். எக்ஸ் வரும் இடத்தில் நான் 'அ' என்று எழுதுகிறேன். அவளுக்குக் காட்டும்போது மாற்றிக்கொள்.

கேள்வி (அ − 2)(அ − 5) = 0. அடைப்புகளைப் பெருக்கி விரித்து அ² − 7அ + 10 = 0 என்று கொண்டுவந்திருக்கிறாள். பிறகு பெருக்கினால் 10, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்களைத் தேடியிருக்கிறாள். நாலு வரி கழித்து மறுபடியும் (அ − 2)(அ − 5) = 0 என்று அதே இடத்தில் வந்து நிற்கிறாள். உரித்த தேங்காயை மட்டைக்குள் வைத்துக் கட்டித் திரும்ப உரித்த கதைதான். விடை 2, 5 என்று சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு எண்ணும் கேள்வியிலேயே கண் முன்னால் இருந்ததை அவள் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

என்னிடம் சாயங்காலம் வரும் பிள்ளைகளும் இப்படித்தான். 'விரித்து எழுது, விரித்து எழுது' என்று அத்தனை பயிற்சி செய்துவிட்டு நான்காம் படிவத்துக்கு வருகிறார்கள். முதல் பாடமே இருபடிச் சமன்பாடு, அதாவது அ² வரும் சமன்பாடு. அடைப்பைக் கண்டதும் கை தானாக விரிக்கப் போய்விடுகிறது.

நான் தோட்ட ஆபீசில் கிராணியாக, எழுத்தர் வேலை பார்த்தவன் அல்லவா, செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வேலை செய்த நாள் ஒரு கட்டம், நாள் சம்பளம் ஒரு கட்டம், பெருக்கி வந்த தொகை கடைசிக் கட்டம். முதல் இரண்டையும் கையால் மறைத்துக்கொண்டு தொகையை மட்டும் காட்டுவேன். தொகை 400 வெள்ளி (ரிங்கிட்) என்றால் நாள் எத்தனை, சம்பளம் எவ்வளவு? 10 நாளுக்கு 40 வெள்ளியாக இருக்கலாம், 16 நாளுக்கு 25 வெள்ளியாக இருக்கலாம், 20 நாளுக்கு 20 வெள்ளியாகவும் இருக்கலாம். உறுதியாக எதையும் சொல்ல முடியாது. தொகை 0 என்று காட்டினால் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்: "ஆள் வேலைக்கே வரலை ஐயா, இல்லாட்டி சம்பளமே போடலை." இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே ஆகவேண்டும். காரணிகளாக, அதாவது ஒன்றோடொன்று பெருக்கும் அடைப்புகளாக இருக்கும் சமன்பாட்டைத் தீர்க்க இந்த ஒரு விஷயம் போதும். ஒவ்வொரு அடைப்பையும் தனியாகக் கூப்பிட்டு, நீ எப்போது பூச்சியமாவாய் என்று கேட்க வேண்டியதுதான். அ − 2 எப்போது பூச்சியமாகும்? அ 2 ஆக இருக்கும்போது. இந்த இடத்தில் −2 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர். குறியை மாற்றிப் போடு என்று சூத்திரம் மாதிரி சொல்லிவைக்காதே. எண்ணைத் திரும்ப அடைப்புக்குள் போட்டுப் பார்க்கச் சொல். −2 போட்டால் −4 வரும், தவறு அவளுக்கே தெரிந்துவிடும்.

வலப்பக்கம் பூச்சியம் இல்லாவிட்டால் இந்த வித்தை செல்லாது. போன மாதம் ஒரு கணக்கு கொடுத்தேன். 40 செம்பனைக் கன்றுகளை நிரை பிடித்து நடவேண்டும், ஒரு நிரையில் உள்ள கன்றுகள் நிரைகளின் எண்ணிக்கையைவிட 3 அதிகம். அ(அ + 3) = 40. ஒரு பெண் தயங்காமல் அ = 40, அ + 3 = 40 என்று எழுதி, விடை 40, 37 என்று கோடு போட்டு முடித்துவிட்டாள். நான் திருத்தவில்லை. 37 நிரை, நிரைக்கு 40 கன்று, மொத்தம் எத்தனை என்று கேட்டேன். பெருக்கினாள், 1480 வந்தது. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "40ஐ இந்தப் பக்கம் கொண்டுவரணும், இல்லையா ஐயா?" என்றாள். அ² + 3அ − 40 = 0, அதாவது (அ + 8)(அ − 5) = 0. ஐந்து நிரை, நிரைக்கு எட்டுக் கன்று. −8ஐ என்ன செய்வது என்று கேட்டாள். −8ஐயும் −5ஐயும் பெருக்கினால் 40 வரத்தான் செய்கிறது, சமன்பாட்டுக்கு அதுவும் சரியான விடை. நிலத்தில் −8 நிரை போட முடியாது என்பதால் இந்தக் கணக்குக்கு மட்டும் அதை விலக்குகிறோம் என்றேன்.

எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம்தான் என்று இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே விதி எழுதி வைத்தார். காரணிகளைப் பெருக்கினால் சமன்பாடு எப்படி உருவாகிறது என்பதை ஒழுங்காக எழுதிக் காட்டியவர் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர். 1609ல் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தவரும் அவர்தான். 1621ல் இறந்துபோனார், அவருடைய இயற்கணித எழுத்து அச்சில் வந்தது 1631ல். பத்து வருடம் யாரோ அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

இன்னொன்று. தமிழ்ப்பள்ளியில் 'காரணி' என்று படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் அதுவே 'ஃபாக்டர்' ஆகிவிடுகிறது. சமன்பாட்டின் விடையைத் தமிழில் 'மூலம்' என்கிறோம், மலாயில் 'புன்ச்சா' என்கிறார்கள். இரண்டு சொல்லுமே ஒன்று எங்கிருந்து தொடங்குகிறதோ அந்த இடத்தைக் குறிப்பவை. இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் தெளிகிறது. பேத்தியிடம் நீ தமிழிலேயே பேசு, குழம்பிவிடுவாளோ என்று பயப்படாதே.

வரைபடத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பசாரில் ஒரு டியூஷன் நிலையத்தில் கால்குலேட்டரில் எந்தப் பட்டனுக்குப் பிறகு எந்தப் பட்டன் என்று தாளில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். விடை வந்துவிடுகிறது, கோடு ஏன் அப்படி வளைகிறது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. எனக்கு அது மிகுந்த வருத்தம். அதனால் போன சனிக்கிழமை பிள்ளைகளைக் கோவில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். தரை முழுக்கச் சதுர ஓடு பதித்திருக்கிறார்கள், கட்டம் போட்ட தாள் மாதிரியே இருக்கிறது. குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து −2லிருந்து 4 வரை எண் எழுதினேன். சன்னிதிப் பக்கம் கூட்டல், வாசல் பக்கம் கழித்தல். எடுத்துக்கொண்டது (அ + 1)(அ − 3).

ஏழு பிள்ளைகள், ஆளுக்கு ஓர் எண். தன் எண்ணை இரண்டு அடைப்பிலும் போட்டுப் பெருக்கி, வந்த அளவுக்கு ஓடு எண்ணி நடக்கவேண்டும். −2ல் நின்றவன் சன்னிதிப் பக்கம் 5 ஓடு போனான். −1ல் நின்ற சின்னவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குப் பூச்சியம், நான் எங்கேயும் போக வேண்டாம்" என்று கோட்டிலேயே நின்றான். அடுத்தவர்கள் −3, −4, −3 என்று வாசல் பக்கம் இறங்கினார்கள். 3ல் நின்றவளும் கோட்டை விட்டு நகரவில்லை. கடைசிப் பையன் மறுபடி 5. துணி காயப்போடும் நைலான் கயிறு ஒன்றை எல்லாரும் வரிசையாகப் பிடித்ததும் அந்த வளைவு தரையில் தெரிந்தது. கோட்டில் நிற்கும் இரண்டு பேரும்தான் மூலம். அவர்களுக்குச் சரியாக நடுவே, 1ல் நிற்பவள்தான் ஆகக் கீழே இருந்தாள். அவளே கயிற்றைப் பார்த்துவிட்டு, "ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல 5 ஓடு, 3 ஓடு, 1 ஓடு, அப்புறம் 1, 3, 5" என்றாள். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை நண்பா. ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வந்து நிற்பதை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

பிறகு (அ + 1)(அ − 2)² எடுத்தோம். −1ல் 0, அடுத்து 4, 2, 0, மறுபடி 4. −2க்கு −16 வருவதால் அந்தப் பையன் மண்டபத்து வாசலைத் தாண்டி மழையில் போய் நிற்கவேண்டியிருந்திருக்கும், அவனை விட்டுவிட்டோம். கயிறு −1ல் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே வந்தது, 2ல் கோட்டைத் தொட்டுவிட்டு மேலேயே திரும்பிவிட்டது. காரணம் கேட்டார்கள். அ − 2 இரண்டு முறை பெருக்கப்படுகிறது, எந்த எண்ணின் வர்க்கமும் பூச்சியத்துக்குக் கீழே இறங்காது, அதனால் அந்த இடத்தில் குறி மாறுவதில்லை என்றேன். ஒற்றையாக வரும் காரணி கோட்டை வெட்டும், வர்க்கமாக வருவது தொட்டுத் திரும்பும். இதை ஒருமுறை கையில் கயிறோடு பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

ஐந்து அடைப்பு கொடுத்தாலும் பயப்பட ஒன்றுமில்லை என்று பேத்தியிடம் சொல். ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் கேட்டால் முடிந்தது. விரித்து வைத்த ஐந்தாம் படிச் சமன்பாடு என்றால், வர்க்கமூலம், கனமூலம் போன்ற மூலக்குறிகளைக் கொண்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும் சூத்திரமே எழுத முடியாது என்று நார்வேக்காரர் ஆபெல் 1824ல் நிறுவிவிட்டார். பிரித்துக் கொடுத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு கலைக்காமல் இருக்கச் சொல்.

நம் மூன்றாம் படிவத்துப் பரீட்சை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அ² = 5அ. இரண்டு பக்கமும் அ-வால் வகுத்து அ = 5 என்று எழுதினேன், பக்கத்தில் இருந்து நீயும் அதையே எழுதினாய். இரண்டு பேர் தாளிலும் விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். மதிப்பெண் பூச்சியம் என்று நினைத்து நான் வீட்டில் தாளைக் காட்டவே இல்லை. பல வருடம் கழித்து, தோட்டத்து ஆபீசில் ஒருநாள் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது, வாத்தியார் போட்ட அந்த வட்டம் நாம் விட்டுவிட்ட விடை. அ பூச்சியமாகவும் இருக்கலாம், பூச்சியத்தால் வகுக்கக் கூடாது, வகுத்ததில் ஒரு மூலம் காணாமல் போயிருந்தது. அவர் இருந்தபோதே போய்ச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

பள்ளி விடுமுறைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. நான்கு நாள் தங்கினால் போதும், கயிறு பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்குள் அவளிடம் இது ஒன்றைக் கொடு: அ³ = 4அ. அவள் எழுதியதை அழிக்காமல் அப்படியே படமெடுத்து அனுப்பு. மூன்று விடையோடு வந்தாளா, ஒன்று குறைந்து வந்தாளா என்று தெரிந்தால்தான் எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

தங்கச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி