ஐந்தாவது வாரத்தில் நிறுத்திவிடாதே

நீடாமங்கலம்
ஆனி 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். எழுதினால் ராத்திரி ஒரு தடவை எடுத்துப் படிப்பாய் என்றுதான் உட்கார்ந்தேன். வடக்கு வயலில் நாலு மா நிலத்தில் நடவு நேற்றே முடிந்துவிட்டது. இன்று எனக்கு வேறு வேலையும் இல்லை.

டாக்டர் கொடுத்த ஜெல்லை ஐந்து வாரமாகப் போடுகிறேன், பரு குறையவில்லை, கூடத்தான் செய்கிறது, நிறுத்தப்போகிறேன் என்றாய். ஆபீஸில் கூட இருக்கிற பெண் ஒரு க்ரீம் பெயர் சொன்னாள், ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடுமாம் என்றாய். அந்த ஒரே வாரம் என்கிற பேச்சைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த மாதிரி க்ரீமை உனக்கு முதன்முதலில் வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

2019 ஐப்பசி. மன்னார்குடியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். உன் தாடையோரமாக ஏழெட்டுப் பரு இருந்தது. நான் கடைவீதியில் மருந்துக்கடைக்குப் போய், பிள்ளைக்கு முகத்தில் பரு, சீக்கிரம் போகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. எல்லாரும் வாங்கிட்டுப் போறதுதான் என்று ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். நாலே நாளில் பரு அமுங்கி, முகம் வெளுத்து, நீ கண்ணாடி முன்னால் சிரித்துக்கொண்டு நின்றது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்த இடம் அமையவில்லை. ட்யூப் மட்டும் நின்றுவிட்டது. மாதம் ஒன்று என்று நானே வாங்கி வந்தேன்.

சித்திரையில் ஊரடங்கு. கடைக்கு அந்த ட்யூப் வரவில்லை. ஒரு வாரத்துக்குள் உன் முகம் பட்ட பாடு உனக்குத் தெரியும். சிவந்து போய், அடுப்பங்கரைச் சூடுகூடத் தாங்காமல், நெற்றி கன்னம் எல்லாம் சின்னச் சின்னதாகப் பொரிந்து, கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிய, முன்பு இல்லாத ரோமமும் வந்திருந்தது. பேருந்து ஓட ஆரம்பித்த பிறகுதான் தஞ்சாவூர் போய் தோல் டாக்டரைப் பார்த்தோம். அவர் ட்யூபை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்தது. மொமெட்டசோன் ஸ்டீராய்டு, வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கி வைக்கிற மருந்து. 2018-லேயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். அதற்கு அடுத்த வருடம்தான் நான் சீட்டே இல்லாமல் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை பாப்பா. ரயில்வே கேட்டில் பேருந்து அரைமணி நேரம் நின்றபோதும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். நான் அப்போதே மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

நம் வயலில் ஒரு சம்பாவுக்குப் புகையான், நெல் தூரில் சாறு உறிஞ்சுகிற பூச்சி, விழுந்தது உனக்குத் தெரியுமா? நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். யாரோ சொன்னார்கள் என்று பைரித்திராய்டு என்கிற பூச்சிமருந்து வாங்கி அடித்தேன். இரண்டு நாளில் தூரில் ஒரு பூச்சி இல்லை. நானும் சந்தோஷப்பட்டேன். அந்த மருந்தில் சிலந்தியும் செத்துப்போயிருந்தது. புகையானைத் தின்று கட்டுப்படுத்தி வைத்திருந்தது அந்தச் சிலந்திதான். கொஞ்ச நாளில் புகையான் முன்னைவிடப் பல மடங்காக வந்து, பயிர் வட்டம் வட்டமாகக் கருகிப்போனது. ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகும் என்று நீ சொன்னதும் எனக்கு அந்த வயல்தான் கண்ணில் வந்தது. அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பாள். அவளிடமும் ட்யூபில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கச் சொல். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டு பெயர் போட்டிருந்தால் பருவுக்கு அதைத் தொடக் கூடாது. அவள் நாள்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டட்டும்.

சரி, இப்போது உன் ஜெல் விஷயம். போன வாரம் என் காலில் சேற்றுப்புண் ஆறாமல் இருந்ததால் அதே டாக்டரிடம் போனேன். என் காலை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டார். அப்புறம் உன்னைப் பற்றிக் கேட்டேன். நீ அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சீட்டைக் காட்டினேன். ராத்திரிக்கு அடாபலீன் 0.1, காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5. நல்ல மருந்துதான், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதை உரக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்திருக்கிறேன்.

பரு கண்ணுக்குத் தெரிகிற அன்றைக்கு உண்டாவதில்லையாம். தோலின் துவாரத்தில் எண்ணெய்ப் பசையும் செத்த தோலும் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்குள் கிருமி பெருகும், அதற்கு எதிராக உடம்பு வீங்கிச் சிவக்கும். அது வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்கு உன் தாடையில் இருக்கிற பரு, நீ ஜெல் தொடங்குவதற்கு முன்னாலேயே உள்ளே உருவாகிவிட்டதாக இருக்கலாம். அடாபலீன் அந்த அடைப்பைத் திறப்பதால் முதல் சில வாரம் பரு கூடின மாதிரி தெரியும், தோல் உரியும், எரியும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போனால்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியும் என்றார். நட்ட நாற்று ஒரு வாரம் பத்து நாள் மஞ்சளடித்துத் துவண்டு நிற்கும். பச்சை பிடிக்கிற வரை யாரும் அதைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை. ஆடுதுறை 43 நெல் போட்டால் 110 நாள் காத்திருக்கிறோம். உனக்கு அவர் கேட்பது 84 நாள். அதில் 35 நாளை நீ கடந்துவிட்டாய்.

எப்படிப் போடுகிறாய் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பரு இருக்கிற இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் போதாதாம். பட்டாணி அளவு எடுத்து, முகம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும், கண்ணோரமும் உதட்டோரமும் விட்டுவிட்டு. முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு. எரிச்சல் தாங்கவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடு, அதற்கு முன்னும் பின்னும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவு. அடியோடு நிறுத்துவதற்கு இது எவ்வளவோ மேல். பகலில் சன்ஸ்க்ரீன், ட்யூபில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கிற வெயில் தடுப்பு அளவு 30-க்குக் குறையாமல். நம் நிறத்துக்குப் பரு போன இடத்தில் கறுப்புத் தழும்பு மாதிரி நின்றுவிடும். அது பள்ளமான வடு இல்லை, மாதக்கணக்கில் தானே மங்கும், ஆனால் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். பருவைக் கிள்ளினாலும் அப்படித்தான். கறுப்பு ரொம்பவும் நின்றால் அசிலாயிக் ஆசிட் என்று ஒரு மருந்து இருக்கிறது, பருவுக்கும் கேட்கும் கறுப்புக்கும் கேட்கும், உன் டாக்டரிடம் கேட்கச் சொன்னார்.

ஆன்டிபயாடிக் ஜெல்லோ மாத்திரையோ கொடுத்தால் அதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடக் கூடாது, கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்றார். கூடவே பென்சாயில் பெராக்சைடு இருந்தால் அந்தப் பழக்கம் வராதபடி காக்குமாம். ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, உடனே புரிந்தது.

இன்னொன்றையும் எழுதுகிறேன், அப்பா இதையெல்லாம் கேட்கிறாரே என்று கூச்சப்படாதே. இருபத்தைந்து வயதுக்கு மேல் பெண்களுக்குத் தாடையிலும் மோவாயிலும் வருகிற பரு, பலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரம் கூடும், ஹார்மோன் சம்பந்தப்பட்டது என்றார். உனக்கு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருதரம்தான் வருகிறது என்று அம்மா சொன்னாள். முப்பத்தைந்து நாளைத் தாண்டினால், மோவாயில் ரோமமும் இருந்தால், பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பெண்கள் டாக்டரைப் பார். தனியாகப் போகத் தயங்கினால் அம்மாவை ரயிலேற்றி அனுப்புகிறேன். நடவு முடிந்துவிட்டது, இங்கே நான் சமாளித்துக்கொள்வேன். அப்படி ஏதாவது இருந்தால் ஜெல்லோடு ஹார்மோனுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்தான் நிற்குமாம். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற ஸ்பைரோனோலாக்டோனைப் பெண்களுக்குப் பருவுக்கும் கொடுக்கிறார்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இருக்கிறது. அது கடுமையானது, ஆனால் நன்றாகக் கேட்கும். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே சாப்பிட வேண்டும், சாப்பிடுகிற காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடவே கூடாது, குழந்தைக்குப் பெரிய கேடு. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போதும் கர்ப்பம் ஆகக் கூடாது. இப்போது போடுகிற அடாபலீனையும் கர்ப்ப சமயத்தில் நிறுத்தச் சொல்வார்களாம். கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்.

உன் அத்தை முகத்தைக் கழுவுவதில்லையா என்று உன்னைக் கேட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ராத்திரி போன் பார்ப்பதால்தான் வருகிறது என்று நானும் சொல்லியிருக்கிறேன். அழுக்கால் பரு வருவதில்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, காரம் இல்லாத சோப்பில் மெதுவாகக் கழுவினால் போதும். கடலைமாவு போட்டுத் தேய்ப்பதும் எலுமிச்சம்பழம் பிழிவதும் பற்பசை வைப்பதும் தோலைப் புண்ணாக்கி இன்னும் கெடுக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள், நெற்றியோரப் பருவுக்கு அதுவும் ஒரு காரணம். சாப்பாட்டில் இனிப்பும் மைதாவும் சிலருக்குக் கூட்டும், பாலும் சிலருக்கு. அதைக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் சோற்றை விட்டுப் பட்டினி கிடக்காதே. போன தடவை வந்தபோது நீ பாதித் தட்டில் எழுந்துபோனதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்பாயி உனக்காக வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். பதினாறு வயதில் உன்னைக் கூட்டிப்போய் சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைக்க வைத்தாளே, வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் பருவும் கரைய வேண்டும் என்று. இந்த ஆடியில் மறுபடியும் போகப்போகிறாளாம். நானும் கூடப் போகிறேன். திருச்சாந்து உருண்டை வாங்கி அனுப்புவாள், வாங்கிக்கொள். ராத்திரி ஜெல்லையும் விடாதே.

கும்பகோணத்துத் தரகர் உன் புதுப் போட்டோ கேட்டார். பிள்ளை எப்போது சொல்கிறாளோ அப்போது என்று சொல்லிவிட்டேன். பழைய போட்டோவும் கொடுக்கவில்லை. யாருக்காகவும் நாள் குறித்துக்கொண்டு முகத்தைச் சரிபண்ணவேண்டிய அவசரம் இந்த வீட்டில் இனிமேல் வராது. ஆவணியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னாயாம். வா பாப்பா. யாராவது உன் முகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தத் தடவை நான் பேசுகிறேன்.

மூணாற்றுத் தலைப்பு மதகில் தண்ணீர் நிறைய வருகிறது, கோரையாறு கரை தொட்டு ஓடுகிறது. உன் நீலத் தலையணை உறை வெள்ளை வெள்ளையாகச் சாயம் போய்விட்டது, சோப்பு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாய். அது சோப்பு இல்லை, பென்சாயில் பெராக்சைடு பட்டால் துணி வெளுக்குமாம். தஞ்சாவூரில் வெள்ளை உறை நாலும் வெள்ளைத் துண்டு இரண்டும் வாங்கினேன். அரிசி முறுக்கோடு சேர்த்து நாளைக்குக் காலையில் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா