உதிராத கதிர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதன் தோன்றி வளர்ந்த கதையைச் சிறுவர்களுக்குச் சொல்லும் தங்கள் தொடரை வாரந்தோறும் மகளோடு உட்கார்ந்து படிக்கிறேன். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த, 3 லட்சம் ஆண்டுப் பழமையான எலும்புகளைப் பற்றிய பகுதியை அவள் மூன்று முறை படித்தாள். ஆனால், கடைசிப் பகுதியில் ஒரு வரி: "அலைந்து திரிந்த மனிதன் விவசாயத்தைக் கண்டுபிடித்தான், அதனால் ஓரிடத்தில் தங்கினான்." இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

மேற்கு ஆசியாவில் நடந்தது இதற்குத் தலைகீழ். இன்றைய இஸ்ரேலின் வடபகுதியில் ஐன் மல்லாஹா என்ற இடத்தில், பயிர்த்தொழில் தொடங்குவதற்கு ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் முன்பே மக்கள் கல் அடித்தளம் போட்டு வட்ட வீடுகள் கட்டியிருக்கிறார்கள். நத்தூஃபியர் என்று ஆய்வாளர்கள் அழைப்பது இவர்களைத்தான். அவர்கள் அங்கே நெடுநாள் தங்கினார்கள் என்பதற்குச் சாட்சி சொன்னது எலிப் பல்! ஆட்கள் நிலையாக இருந்தால் வீட்டெலி பெருகும். அவர்கள் அடிக்கடி இடம் மாறினால் காட்டெலியின் கை ஓங்கிவிடும். இருந்தது எந்த எலி என்பதைப் பல் காட்டிவிடும். ஜோர்டானின் கருப்புப் பாலைவனத்தில் 14,400 ஆண்டுகளுக்கு முன் சுட்ட ரொட்டியின் கருகிய துணுக்குகளும் கிடைத்திருக்கின்றன. அது காட்டுத் தானியத்தையும் கோரைக் கிழங்கையும் அரைத்துச் சுட்ட ரொட்டி.

உழாமல் எப்படிப் பிழைத்தார்கள் என்று மகள் கேட்டாள். 1960களில் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் துருக்கி மலைச்சரிவில் தானாக விளைந்த காட்டுக் கோதுமையைச் சிக்கிமுக்கிக் கல் அரிவாளால் அறுத்துப் பார்த்தார். மணிக்குச் சுமார் 1 கிலோ சுத்தமான தானியம் தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் பாடுபட்டால் ஓராண்டுத் தேவைக்கு மேலேயே சேர்த்துவிடலாம் என்று அவர் கணக்கிட்டார்.

அப்புறம், "கண்டுபிடித்தான்" என்ற சொல். நாங்கள் நெல் விளைவிக்கும் குடும்பம். கதிர் முற்றிவிட்டால் பனி ஈரம் காய்வதற்குள் அறுக்கச் சொல்லி அப்பா அவசரப்படுத்துவார். வெயில் ஏறினால் கை பட்டாலே மணி கொட்டும். அதுவாவது பரவாயில்லை. வாய்க்கால் ஓரத்துக் காட்டு நெல் பழுக்கப் பழுக்கத் தானே உதிர்ந்துவிடும், அரிவாளுக்கு ஒன்றும் மிஞ்சாது. காட்டில் வாழ அதற்கு அந்தக் குணம் வேண்டும். எப்போதாவது ஒரு செடியில் மணி உதிராமல் நிற்கும். அறுப்பவர் கைக்கு அதுதான் அதிகம் வரும், அடுத்த விதைப்புக்கும் அதுவே போகும். இப்படியே போய்த்தான் நம் நெல்லும் கோதுமையும் வந்தன. சீனாவின் தியான்லுவோஷானில், சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் 27 சதவீதமாக இருந்த உதிராத நெல் 39 சதவீதமாக உயர 300 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த மாற்றத்தை எந்தத் தலைமுறையும் கண்ணால் பார்த்திருக்காது. இதில் யாரைக் கண்டுபிடித்தவர் என்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கள் படத்தில் கலப்பை பிடித்த ஆண் மட்டும் நிற்கிறார். சிரியாவின் அபு ஹுரைராவில் தோண்டி எடுத்த பெண்களின் எலும்புகளில் கால் பெருவிரலும் முழங்காலும் கீழ்முதுகும் தேய்ந்து உருமாறியிருந்தன. அம்மி போன்ற அரைகல்லின் முன் தினமும் மணிக்கணக்காக மண்டியிட்டு அரைத்ததால் வந்த தேய்மானம் அது. அந்த ஊர் இப்போது யூப்ரடீஸ் அணையின் நீருக்கடியில் இருக்கிறது.

தொடர் நூலாக வரும்போது அந்த வரியைத் திருத்துங்கள். படத்தில் கலப்பைக்கு முன்னால் ஓர் அரைகல்லும், அதன் முன் மண்டியிட்டிருக்கும் பெண்ணும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்