பாதி துடைத்த முகம்

செம்பூர், மும்பை

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே பிடித்த மழை விடவே இல்லை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ஹார்பர் லைன் ரயில்கள் நின்றுபோய், அலுவலகம் போய்வருவதே பெரும்பாடாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? பாளையங்கோட்டை வீட்டை விற்பதில்லை என்று முடிவெடுத்தீர்களே, படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தத் திண்ணையில்தான் நாம் பாதிப் பள்ளிக்கூடம் படித்தோம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகள் பன்னிரண்டு வயதில் லிப்ஸ்டிக்கும் முகத்துக்கு ஃபவுண்டேஷன் பூச்சும் கேட்டு அழுகிறாள், மும்பையில் எல்லாப் பிள்ளைகளும் போடுகிறார்களாமே, நீ என்ன செய்கிறாய் என்று எழுதியிருந்தாய். போன வருஷம் என் வீட்டில் நடந்ததை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

என் மகள் யாழினியின் நாட்டிய வகுப்பு ஆண்டு விழா. ஒப்பனைக்காரர் பதினைந்து பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து ஒரே நிறத்தில் பான்கேக் என்கிற மேடைப் பூச்சை அப்பினார். கழுத்துக்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம். மேடை விளக்கில் அது தெரியவில்லை. நன்றாகவே ஆடினாள். வீட்டுக்கு வந்து, தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். வெகுநேரமாகச் சத்தமே இல்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். இடது கன்னம் என் மகளுடையது. வலது கன்னம் ரோஜா கலந்த வெள்ளை. புருவமை எண்ணெயில் கரைந்து காதோரம் இறங்கியிருந்தது. இடது பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கையை மாற்றி மறுபக்கத்தை மூடினாள். "அம்மா, இந்தப் பக்கத்தைத் துடைக்கவேண்டாமே" என்றாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இடது கன்னம் மட்டம் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? நான்தான் சொல்லியிருக்கிறேன். "வெயிலில் ஆடாதே, கறுத்துப்போவாய்" என்று அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து சொல்லிவந்திருக்கிறேன். என் மாமியார், "களையான முகம், நிறம்தான் கொஞ்சம் கம்மி" என்பார். நாம் மட்டும் என்ன? ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 1975இல் சந்தைக்கு வந்தது. அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது 2020இல்தான். நம் இளமை முழுவதும் அந்த விளம்பரத்துக்குள்ளேயே கழிந்தது. கல்லூரி விடுதியில் ஒரு ட்யூபை நால்வர் பங்கு போட்டது நினைவிருக்கிறதா?

அடுத்த மாதம் அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் முகம் வெளுக்கப் பூசுகிற கிரீம் ஒரு சின்ன டப்பாவில் அகப்பட்டது. தோழி ரயிலில், பெண்கள் பெட்டியில் வாங்கிக் கொடுத்ததாம். கம்மல், கிளிப், ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்களே, அவர்களிடம். தயாரித்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. மூன்று வாரமாகப் பூசியிருக்கிறாள். தோல் மருத்துவரிடம் ஓடினேன். இப்படிப்பட்ட வெளுப்பூட்டும் கிரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம் என்றார். பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும். முதலில் முகம் பளிச்சென்றுதான் ஆகும். ஆனால் அது உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில், மலப்புறம் பக்கம், 2023இல் சிறுநீரில் புரதம் கசிகிற நோயோடு வந்தவர்களில் பலர் இத்தகைய கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும், பூசுவதை நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். கடவுள் புண்ணியம், யாழினிக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. முடிவு வரும்வரை இரண்டு இரவு நான் தூங்கவில்லை.

பழைய சாமான்கள் எல்லாம் நல்லவை என்றும் சொல்லமாட்டேன். நம் கணக்கு டீச்சர் நெற்றியில், பொட்டு வைக்கிற இடத்தில், வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு இருக்குமே. அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டேன். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் இருக்கிற ஒரு ரசாயனம் நிறமியைக் கொன்றுவிடுமாம். பாவம், டீச்சர் அதை மறைக்கத்தான் பொட்டை நாளுக்கு நாள் பெரிதாக்கினார் போலிருக்கிறது.

என் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இது. மருதாணி, கண்மை, வளையல், விசேஷ நாளில் நகப்பூச்சு, இதற்கெல்லாம் தடையே இல்லை. பெண் குழந்தைகள் தங்களை அலங்கரித்துப் பார்ப்பது மகிழ்ச்சியான விளையாட்டு. அதைப் பாவம்போலப் பேசி அதட்டுகிற பெரியவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. லிப்ஸ்டிக்கும் கல்யாண வீட்டில் லேசாகப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஃபவுண்டேஷன் கிடையாது, வெளுப்பூட்டும் எதுவும் கிடையாது. சுருக்கத்துக்கான ரெட்டினால் சீரத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பூசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இல்லாத சுருக்கத்துக்கு மருந்து, அதில் நல்ல தோல்தான் எரிகிறது. வீட்டில் யாரும் யார் நிறத்தைப் பற்றியும் பேசக் கூடாது. மாமியாரிடம் இதை நானே சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டார்.

இந்த வருஷ விழாவுக்கு முன்பே ஒப்பனைக்காரரிடம் போய், என் மகளின் நிறத்துக்கே பான்கேக் கலக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு டப்பாவைக் குழைத்து அவள் மணிக்கட்டில் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்து வரிசையிலிருந்த இன்னொரு பெண்ணும் தன் கையை நீட்டினாள்.

நீ உன் மகளிடம் கூடாது என்று சொல்லுமுன், ஃபவுண்டேஷன் எதற்கு என்று ஒருமுறை கேள். தோழிகளோடு சேர்ந்து விளையாட என்றால் பயமில்லை. முகத்தில் எதையாவது மறைக்க என்றால், யார் என்ன சொன்னார்கள் என்று மடியில் போட்டுக்கொண்டு விசாரி. அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது. பரீட்சை லீவுக்கு இரண்டு பேரும் இங்கே வாருங்கள். மாட்டுங்காவில் மல்லிகை வாங்கி இரண்டு பிள்ளைகளுக்கும் நாமே தலை பின்னிவிடலாம்.

அன்புடன்,
உன் வசந்தி