இஞ்சின் வேலைக்கு அளவுச் சீட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின் உள்ள என் பழைய அம்பாசிடர் காரின் இஞ்சினை இருமுறை நானே பிரித்துக் கட்டியிருக்கிறேன். முதல் முறை சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு, பிஸ்டன்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். 73.025 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர்களை அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கித் தந்தார்கள். பின்னர் வாங்கிய பிஸ்டன்களுக்குப் போதிய இடைவெளி இருக்கிறதா என்று அவர்களும் அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சில மாதங்களிலேயே நெடுஞ்சாலையில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி இஞ்சின் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது பிஸ்டனின் பக்கவாட்டில், நகம் சிக்கும் ஆழத்துக்கு மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்திருந்தன.

பிஸ்டன்களை முதலில் வாங்கி, பிஸ்டனைக் கோக்கும் பின் என்ற தண்டுக்குக் குறுக்குத் திசையில் பிஸ்டனின் கீழ்ப்பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்த பிறகே சிலிண்டரைக் கடைய வேண்டும் என்பதை அந்தச் செலவுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பிஸ்டன் முழு வட்டமும் அன்று, மேலும் கீழும் ஒரே அகலமும் அன்று. சிலிண்டரும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மேலேறிவிட்டுக் கீழே திரும்பும் மேற்பகுதியில்தான் அதிகம் தேயும் என்பதால், மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலும் இரு திசைகளில் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்துப் பார்க்காமல் தேய்மானத்தைச் சொல்லவே முடியாது. ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி அதன் இரு முனைகளுக்கு இடையிலான வாய் இடைவெளியை, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் பார்ப்பதும் அதேபோல் அவசியம். அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு என்ற பழைய கணக்கின்படி, இந்த இஞ்சினுக்கு அது ஏறக்குறைய 0.3 மி.மீ. வரும்.

கடைந்த பின் உட்சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலால் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கல்லின் துகள் அதில் போகாது. வெந்நீரும் சோப்பும் இட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும் வரை கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும். இரண்டாம் முறை நான்கு சிலிண்டர்களுக்கும் எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது.

இவற்றில் கழுவுவதையும் ரிங் பார்ப்பதையும் வீட்டில் செய்துவிடலாம். கடைசலை நம்மால் செய்ய இயலாது. ஆகவே பட்டறை வைத்திருப்போரிடம் என் வேண்டுகோள் இதுதான்: பிளாக்கைத் திருப்பித் தரும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் எடுத்த ஆறு அளவுகளையும், அதில் இறங்கவேண்டிய பிஸ்டனின் அளவையும் எழுதிய சீட்டு ஒன்றை ரசீதுடன் சேர்த்துக் கொடுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கேட்டாலும் மகிழ்ச்சியோடு தருவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.