வைன் வாளியை வெந்நீர் அலுமாரியிலிருந்து வெளியே எடு

திருகோணமலை
ஜூலை

அன்பின் மச்சான்,

நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பிய கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே கச்சான் காற்று அடித்து ஊரே காய்ந்து கிடக்கிறது. கோட்டை வாசலில் மான்கள் நிழலை விட்டு அசைவதில்லை. பின்னேரம் டச்பே பக்கம் போய் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது. சந்தையில் பாலைப்பழம் குவிந்திருக்கிறது. வாங்கும்போதெல்லாம் உன் நினைவுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதைத் தின்று, பால் ஒட்டிய உதட்டோடு வீட்டுக்குப் போய் ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். வீட்டில் எல்லோரும் சுகம். மூத்தவளுக்குப் பிறந்த பெடியன் இப்போது தவழத் தொடங்கிவிட்டான்.

சரி, உன் வைன் கதைக்கு வருகிறேன். வாளியை வெந்நீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் வைத்தாய், மூன்றே நாளில் நுரை அடங்கியது, உடனே போத்தலில் அடைத்துத் தக்கையும் இறுக்கினாய், பிறகு ஒன்று நடுச்சாமத்தில் வெடித்தது என்று எழுதியிருக்கிறாய். முதலில் மற்றப் போத்தல்களைக் கவனி. கண்ணாடி விளையாட்டில்லை. தடித்த கையுறையும் கண்ணுக்குக் காப்பும் போட்டுக்கொண்டு, அவற்றை ஆட்டாமல் எடுத்துக் குளிரான இடத்தில் வை. நன்றாகக் குளிர்ந்த பிறகு, மேலே ஒரு தடித்த துணியைப் போட்டு, ஒவ்வொன்றாக மெல்லத் திற. திறந்தது எல்லாவற்றையும் வாளியில் ஊற்றி, இறுக்காமல் மூடிவிடு. பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

ஏன் வெடித்தது தெரியுமா? ஒரு கிலோ சீனி முழுதாகப் புளித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ கரியமில வாயுவாக மாறிவிடும். அது 250 லீற்றருக்கும் மேல். ஷாம்பெயின் போத்தலில் அந்தப் பொங்கல் வருவதற்கு லீற்றருக்கு 24 கிராம் அளவு சீனிதான் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதற்கே உள்ளே 6 வளிமண்டல அழுத்தம் ஏறுகிறது. ஷாம்பெயின் போத்தலின் கண்ணாடி தடிப்பு அதற்காகத்தான். சாதாரண வைன் போத்தல் அதைத் தாங்காது. நுரை அடங்கியதை வைத்து சீனி முடிந்தது என்று சொல்ல முடியாது. மேலே தெரியும் ஆரவாரம்தான் அடங்கியது. அடியில் வேலை வாரக்கணக்கில் நடக்கும்.

நான் உனக்குச் சொல்ல வருவது முக்கியமாக ஒன்றுதான். நீ கள்ளின் கணக்கில் வைனைச் செய்கிறாய். சாம்பல்தீவுப் பக்கம் விடியப்புறம் இறக்கும் கள்ளை நீயும் நானும் பார்த்து வளர்ந்தவர்கள். முட்டியிலேயே ஈஸ்ட் குடியிருக்கிறது, சூடு 30 பாகை, பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் இனிப்பு, மத்தியானம் உறைப்பு, இரவுக்குள் புளிப்பு. புளிக்காத கருப்பநீர் வேண்டுமென்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூச வேண்டும். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. கள்ளை யாரும் அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பதில்லை, அதனால் அந்த வேகம் அதற்குப் பொருந்தும். வைன் அப்படியில்லை. ஈஸ்ட் சூட்டில் ஓடி ஓடி வேலை செய்தால் வழக்கமான அற்ககோலோடு வேறு கனத்த அற்ககோல்களையும் உண்டாக்கும். தொண்டையில் எரியும். நெயில் பொலிஷ் மணம் வந்தது என்றாயே, அது எதைல் அசற்றேற்று என்ற இரசாயனம். வாளி சூட்டில் கிடந்தாலும் வரும், காற்றுப் பட்டுப் புளித்தாலும் வரும்.

அதனால் அந்த அலுமாரியை மறந்துவிடு. உன் வீட்டின் வடக்குப் பக்க அறை, 18 முதல் 22 பாகைக்குள் நிற்குமென்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இந்த ஊரில் அப்படி ஒரு மூலைக்கு நான் எங்கே போவேன்!

ஆகஸ்ட் கடைசியில் அங்கே வேலியோரமெல்லாம் பிளாக்பெரி பழுக்கும். மகளோடு இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது மருமகன் செய்ததைக் கூட நின்று பார்த்தவன் நான். படித்த இரசாயனத்தை அவன் வாளிக்குள் கண்டேன் என்றே சொல்லலாம். இப்படிச் செய். நாலரை லீற்றருக்கு ஒன்றே முக்கால் கிலோ பழமும் ஒரு கிலோ சீனியும் கணக்கு. பழத்தைக் கழுவி நசுக்கி, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்று. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பழத்திலுள்ள பெக்டின் என்ற பசை கரைந்து வைன் கடைசிவரை கலங்கியே நிற்கும். கிருமியை அடக்கும் சல்பைற்று மாத்திரை, கம்ப்டன் என்று விற்பார்கள், அதில் ஒன்றைத் தூளாக்கிப் போட்டு 24 மணித்தியாலம் மூடி வை. பழத்தில் ஒட்டி வந்த காட்டுக் கிருமிகள் அதில் அடங்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அந்தத் தூளை முகர விடாதே. மறுநாள் பெக்டினைக் கரைக்கும் நொதியத்தையும் வைனுக்கென்று விற்கும் ஈஸ்டையும் அதற்கான போசணையையும் சேர். பாண் சுடுகிற ஈஸ்ட் வேண்டாம். அது அடியில் இறுகிப் படியாது, பாண் மணமும் போகாது. தினமும் இரண்டு தரம் கிளறி, மேலே மிதக்கும் பழத்தை அமுக்கிவிடு. நாலைந்து நாளில் வடித்து, கழுத்து ஒடுங்கிய பெரிய கண்ணாடிச் சாடிக்கு மாற்று. வாயில் தண்ணீர் நிற்கும் அந்தச் சின்னக் குழாய் மூடியைப் பொருத்து. வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

காற்றை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அசற்றிக் கிருமிக்குக் காற்றுக் கிடைத்தால் வைன் வினாகிரியாகிவிடும். கள்ளை வாய் திறந்த பானையில் விட்டு வினாகிரி எடுப்பது இதே வழியில்தான். ஆகவே சாடியைக் கழுத்துவரை நிரப்பி வை. ஒரு மாதத்தில் அடியில் தடித்த மண்டி படியும். சாடியை அசைக்காமல், ரப்பர் குழாயால் மேலே உள்ளதை மட்டும் இன்னொரு சாடிக்கு எடு. தெளியும்வரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் இதையே செய். கையில் படும் பாத்திரம், குழாய், கரண்டி எல்லாவற்றையும் முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநீக்கி இட வேண்டும். அழுக்கின் மேல் மருந்து ஊற்றிப் பயனில்லை. கெட்டுப்போகும் வைனில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் கெடுகிறது.

அப்புறம், நீரமானி ஒன்று வாங்கு. சாற்றில் சீனி எவ்வளவு இருக்கிறது என்பதை அடர்த்தியை வைத்துக் காட்டும் மிதவை அது. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஈஸ்ட் போடுமுன் 1.090 அளவில் காட்ட வேண்டும். குறைந்தால் கொஞ்சம் சீனி சேர். 0.995 அளவுக்கு இறங்கி, ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் பார்த்தும் அசையாமல் நின்றால்தான் முடிந்தது. முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்கினால் அற்ககோல் வீதம் கிடைக்கும். இந்தக் கணக்கில் 12 சொச்சம் வரும். எண்ணைப் பார்க்காமல் இனி ஒரு போத்தலும் அடைக்காதே.

தங்கச்சி பயப்படுகிறாள் என்றாய். கசிப்புக் குடித்துக் கண் போனவர்களைக் கேள்விப்பட்ட ஊர்க்காரி, பயம் நியாயம்தான். அவளுக்குச் சொல்: பழ வைனில் மெதனோல் என்ற நச்சு அற்ககோல் மிகச் சிறிதளவே உண்டாகும், அதனால் ஆபத்தில்லை. கள்ளச் சாராயத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோலைக் கலப்பதுதான். ஆனால் புளித்ததை வடித்துச் சாராயமாக்கும் எண்ணம் மட்டும் உனக்கு வரவே கூடாது. அங்கேயும் அனுமதியில்லாமல் அது குற்றம். வைனும் பியரும் வீட்டுக்கு மட்டும் செய்யலாம், விற்கக்கூடாது. பியருக்கும் அங்கே ஒரு காலத்தில் அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மோட்லிங் அதை நீக்கினார். இங்கே 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நிற்கிறது. அதனால் நான் இஞ்சி பியரோடு நின்றுவிடுகிறேன். இஞ்சி, சீனி, தேசிக்காய், ஒரு கிள்ளு ஈஸ்ட். பிளாஸ்டிக் போத்தலில் விட்டு, ஒரு நாளில் கைக்குக் கல்லாக இறுகியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுவேன். குழந்தைகள் சுற்றி நிற்பார்கள்.

பியரும் செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை மாரிக்கு வைத்துக்கொள். அற்ககோல் குறைவென்பதால் பியர் வைனைவிடச் சீக்கிரம் கெடும். ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்க வைப்பது கசப்புக்கும் காவலுக்கும் சேர்த்துத்தான். மண்ணிறப் போத்தலில் அடை. வெயில் பட்டால் ஹொப்ஸிலிருந்து கெட்ட நாற்றம் கிளம்பும். மற்றதை அப்போது எழுதுகிறேன்.

உனக்குச் சீனி வருத்தம் இருப்பதை மறக்கவில்லை. இனிப்பு முழுதாகப் புளித்த வைனாக இருந்தாலும், எவ்வளவு குடிக்கலாம், குளிசையோடு ஒத்துப்போகுமா என்று முதலில் உன் வைத்தியரிடம் கேள். எனக்கு நீ சுகமாக இருக்க வேண்டும். பிளாக்பெரி வைன் நன்றாக வர ஒரு வருஷமாவது ஆகும். அடுத்த கோடையில் நீ இங்கே வருவதாகச் சொன்ன சொல் மாறக்கூடாது.

செப்டம்பரில் வாளியை வைத்ததும் நீரமானி காட்டிய முதல் எண்ணையும் அறையின் சூட்டையும் எழுதி அனுப்பு. போத்தலில் அடைக்குமுன் கடைசி எண்ணையும் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்