டி.சி.யில் ‘முஸ்லிம்’ என்று மட்டும் இருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்கல்வியில் முஸ்லிம் மாணவர்கள் குறைவாக இருப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் பேச்சு முழுக்க டெல்லியிலேயே நின்றுவிட்டது. நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு கவுன்சலிங் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். பிள்ளைகள் எந்த இடத்தில் உதிர்கிறார்கள் என்பது அந்த மேசையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 168. அவன் அத்தா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். பி.சி.எம். (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்) சான்றிதழ் எங்கேடா என்று கேட்டால், இ-சேவையில் ரெண்டு தடவை போட்டேன் சார், ரெண்டு தடவையும் ரிஜெக்ட் என்கிறான். டி.சி.யை வாங்கிப் பார்த்தேன். ஜாதி என்ற இடத்தில் ‘முஸ்லிம்’ என்று ஒரே ஒரு வார்த்தை.

இதில் என்ன குறை என்று தோன்றும். 2007-இல் தமிழ்நாட்டில் வந்த 3.5 சதவீத உள் ஒதுக்கீடு மதத்துக்குக் கொடுத்தது இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள்ளே, பட்டியலில் பெயர் இருக்கிற ஏழு பிரிவுகளுக்குக் கொடுத்தது: அன்சார், தக்கினி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் சேர்ந்த லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். இந்தப் பையன் ராவுத்தர் வீட்டுப் பையன், ஊருக்கே தெரியும். ஆனால் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது படிவம் நிரப்பியவர் யாரோ, ‘முஸ்லிம்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அத்தாவுடைய டி.சி.யைக் கொண்டு வா என்றார்களாம். அத்தா மூன்றாம் வகுப்போடு நின்றவர், அவர் படித்த பள்ளிக்கூடமே இப்போது இல்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அலைந்து சான்றிதழ் கைக்கு வந்தபோது ரேங்க் பட்டியல் வெளியாகிவிட்டது. ஓ.சி.யில் நிறுத்தப்பட்டு எங்கேயோ தூரத்தில் ஒரு கல்லூரி கிடைத்தது, அந்த ஃபீஸைக் கட்ட வழியில்லை. அக்கா தபால் வழியில் பி.ஏ. முடித்தவள் என்பதால் முதல் பட்டதாரி சலுகையும் இல்லை. இப்போது அவனும் அதே ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறான்.

இவன் எந்தக் கணக்கில் வருவான்? இடஒதுக்கீடு இருந்தும் வரவில்லை என்ற கணக்கில்தான்.

முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006-இல் சொன்னது பலருக்கு ஞாபகம் இருக்கும், நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலையில் 25 பேருக்கு ஒருவர், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம் என்று. அப்புறம் ஒரு தலைமுறையே படித்து வெளியே வந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 14.2 சதவீதம் இருக்கிற சமூகத்தின் பங்கு, 2020-21-க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 4.6 சதவீதம். அதற்கு முந்தின வருஷம் 5.5. கொரோனாதான் காரணம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அதே வருஷத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, ஓ.பி.சி. மாணவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்தது. கொரோனா நமக்கு மட்டும் தனியாக வந்ததா என்ன? இந்த நிலைமையில்தான் சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பையும், இதே உதவி மற்ற திட்டங்களிலும் கிடைக்கிறது என்று சொல்லி 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள்.

‘அவங்க மதரஸாவுக்கு அனுப்பிடுவாங்க சார்’ என்று என்னிடமே சொல்கிறவர்கள் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் படிக்கிறவர்கள் மூன்று, நான்கு சதவீதம்தான் என்று அதே சச்சார் அறிக்கையில் இருக்கிறது. எங்கள் பக்கமெல்லாம் காலையில் ஓதிவிட்டு அப்படியே யூனிஃபார்மோடு ஸ்கூலுக்கு ஓடுகிற பிள்ளைகள்தான்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த வருஷம் இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் அரசு உதவி பெறும் பள்ளி இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஆரம்பித்த உதவி பெறும் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அதே சம்பளக்காரன் பிள்ளை, அதே பாடப்புத்தகம், அதே சத்துணவு, ஆனால் காம்பவுண்டுக்கு வெளியே மாட்டியிருக்கிற போர்டு வேறு. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்களுக்கு மாதாமாதம் கொடுக்கிற ஆயிரம் ரூபாயும் முதலில் இப்படித்தான் இருந்தது. பிறகு 2024 கடைசியில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் கொடுத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நீட் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்ட முடிகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் மேசைக்கு வருவதே இல்லை.

சரி, அரசை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. நம் முன்னோர்கள் கல்லூரி கட்டாதவர்கள் இல்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919, சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமதுவும் 1951, எங்கள் மாவட்டத்திலேயே உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956. எல்லாம் கலை அறிவியல் கல்லூரிகள். நம் வீட்டில் பி.காம். நிறைய இருந்து டாக்டரும் இன்ஜினியரும் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பத்தாவது முடித்ததும் பையனுக்கு எந்த குரூப் என்பதை மார்க் தீர்மானிப்பதில்லை, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்பது தீர்மானிக்கிறது. கணக்கில் 94 வாங்கியவனை காமர்ஸில் சேர்த்துவிட்டு என்னிடம் வந்து, நல்ல வேலைக்கு வழி சொல்லுங்க வாத்தியாரே என்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் கதை வேறு. அவர்கள் படிக்கிறார்கள், பையன்களைவிட நன்றாகவே படிக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் பஸ் போய்வருகிற கல்லூரி என்றால்தான். ஹாஸ்டல் என்றதும் வீட்டில் சத்தம் அடங்கிவிடும். எம்.எஸ்சி. முடித்த பெண்ணுக்கு பத்தாவது படித்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, இதுக்குத்தான் அதிகம் படிக்க வைக்கக் கூடாது என்று பெண்ணின் படிப்பைக் குறை சொல்கிறார்கள். பையனை ஏன் படிக்க வைக்கவில்லை என்று கேட்க ஆள் இல்லை. ரமலானில் ஜகாத் பணத்தை நூறு இருநூறாகச் சில்லறை மாற்றிக் கொடுக்கிற பெரிய வீடுகளில், அதை வாங்கத் தகுதியுள்ள ஒரு ஏழைப் பிள்ளையின் நாலு வருஷ ஃபீஸாக மொத்தமாகக் கொடுங்கள் என்று நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். யோசிக்கிறோம் என்பார்கள்.

பெரிய கமிஷன் எல்லாம் இன்னொரு பக்கம் நடக்கட்டும். பள்ளியில் சேர்க்கும்போதே ஜாதிக் கட்டத்தில் பிரிவின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுத தலைமையாசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை, 7.5 சதவீதத்தில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் இடம், இந்த இரண்டை மட்டும் அரசு செய்தால்கூட என் மேசையில் பாதிக் கூட்டம் குறைந்துவிடும்.

எங்களால் முடிந்ததாக, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பள்ளிக்குப் போய் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பார்த்து வரச் சொல்லி போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மைக்கில் அறிவித்தோம். நாலு பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். அதில் ரெண்டு பேருக்கு ‘முஸ்லிம்’ என்றுதான் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தேனி மாவட்டம்
(பெயரை வெளியிட வேண்டாம்)