ஓக்லண்டின் இரு சட்டங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகர மன்றம் 2018-இல் இயற்றிய சட்டப்படி, காவல்துறை உட்பட நகரின் எந்தத் துறையும் கண்காணிப்புக் கருவி வாங்குமுன், அதன் நோக்கத்தையும் தாக்கத்தையும் எழுத்தில் வெளியிட்டு, நகரவாசிகள் அங்கம் வகிக்கும் தனியுரிமை ஆலோசனை ஆணையத்தின் பரிசீலனைக்கு வைத்து, பின்னர் மன்றத்தின் ஒப்புதலைப் பொது அமர்வில் பெற வேண்டும். நகரம் முழுவதையும் வேவு பார்க்கவிருந்த மையத்தை 2014-இல் மக்கள் எதிர்த்து, துறைமுக எல்லைக்குள் சுருக்கிய போராட்டத்தில் வேர்கொண்டது அந்த ஆணையம்.

அதே மன்றம் 2024-இல், குடும்ப அமைப்பைக் காரணம் காட்டி வீட்டு வாடகையிலும் வணிகத்திலும் நகரச் சேவைகளிலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. இருவருக்கு மேற்பட்டோர் துணைவர்களாக வாழும் குடும்பங்களைப் பற்றியே செய்திகள் அதிகம் பேசின. ஆனால் ஒற்றைப் பெற்றோருக்கும், மறுமணத்தால் இணைந்த குடும்பங்களுக்கும், பல தலைமுறையினர் கூடி வாழும் வீடுகளுக்கும் அது காப்பளிக்கிறது.

யார் யாருடன் வசிக்கிறார், இரவில் எந்த வாகனம் வந்து நிற்கிறது என்பதைப் பதிவுசெய்யும் கருவி, வழக்கத்துக்கு மாறான குடும்பத்தையே முதலில் அச்சுறுத்தும் என்பதால், இவ்விரு சட்டங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று கருதுகிறேன். கருவிகளின் பயன்பாடு குறித்த ஆண்டறிக்கைகளை மன்றம் தாமதமின்றிக் கேட்டுப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்